கழிவுத் தொட்டியில் அசைந்த கை: ஓர் ஆவணப்படத்தில் கலந்த பொய் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூரில் சிறிய படத்தொகுப்பு நிலையம் ஒன்றை நடத்திவருகிறேன். திருமண வீடியோக்களில்தான் வருமானம். ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்கள் வந்தால் கடையை மூடியபிறகு இரவில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, தொகுத்துக் கொடுப்பேன். அப்படி வந்த ஒரு படத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் தொழிற்சாலையையும் விட்டிருக்கிறேன்.

படத்தை எடுத்தவர்கள் மூன்று பேர். இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர், நேர்காணல்களை நடத்திய ஒரு பெண். மூவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இயக்குநரின் தாத்தா டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், முப்பது வருடம் தோலைச் சுழற்றும் டிரம் ஓட்டியவர். படத்தின் பொருள், பாலாறும் அதன் கரையில் தோல் பதனிடும் தொழிலும்.

இந்தப் பொருளுக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டமும் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என இந்த மூன்று மாவட்டங்களிலும் தோல் தொழில் பரவியிருக்கிறது. இங்கே பதனிட்ட தோலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றித்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் சொன்னது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் நாடு முழுவதும் எங்கள் ஊர்ப் பெயரை அந்த வழக்கின் வழியாக அறிகிறார்கள். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். இவ்வளவும் பதிவில் இருக்கும் உண்மைகள்.

படத்தின் மையம் ஒரு பெண்மணியின் பேச்சு. அவருடைய கணவர் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி இறந்தவர். தூக்கிவிட இறங்கிய இன்னொரு தொழிலாளியும் பிழைக்கவில்லை. நாங்கள் படத்தொகுப்பைத் தொடங்கியபோது அது நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இழப்பீட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆறு நிமிடம் அந்த அம்மா கேமராவைப் பார்க்காமல், மடியிலிருந்த முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே பேசியிருந்தார். அந்த ஆறு நிமிடமே ஒரு படம் என்று முதல் நாளே சொன்னேன்.

முதல் தொகுப்பில் கண்டவை

முதலில் உறுத்தியது மீன்கள். ஆற்றுக்குட்டையில் நுரை மிதக்கிறது. கரையில் இருபதுக்கு மேல் செத்த மீன்கள். என்னிடம் வேலை பார்க்கும் பெண், "அண்ணா, எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவே" என்றாள். அவளுடைய அம்மா மீன் வியாபாரம் செய்பவர். அந்தக் காட்சியை நிறுத்திப் புகைப்படமாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் பதில் வந்தது: இது வளர்ப்புக் கட்லா, ஐஸில் கிடந்த மீன். கண் உள்வாங்கி வெளுத்திருக்கிறது. பெட்டியில் அடுக்கிய பக்கத்தில் செதில் உரசிப் போயிருக்கிறது. ஆற்றில் விஷம் பரவிச் செத்தால் குஞ்சும் குரவையும் கெளுத்தியும் கலந்துதான் ஒதுங்கும், தராசில் நிறுத்தாற்போல் ஒதுங்காது.

இயக்குநரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "போன மாதம் உண்மையாகவே செத்தன, அண்ணா. நாங்கள் கேமராவோடு போவதற்குள் அள்ளிப் புதைத்துவிட்டார்கள். நடந்ததைத்தானே திரும்பக் காட்டுகிறோம்?" சந்தையில் ஐந்து கிலோ வாங்கிக் கரையில் பரப்பியிருக்கிறார்கள். நுரை மட்டும் நிஜம். மீன்களை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு காட்சியைச் செட்டப் செய்தவர்கள் வேறு எதையெல்லாம் செய்திருப்பார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது 38 நொடி ஓடும் ஒரு காட்சி. கறுப்பு வெள்ளை, மங்கல், மூலையில் தேதியும் நேரமும். தொட்டியின் விளிம்பில் ஒருவர் தடுமாறுகிறார், உள்ளே சரிகிறார், சேற்றில் குப்புறக் கிடக்கிறார். கடைசி மூன்று நொடியில் அவருடைய வலது கை மெல்ல அசைந்து அடங்குகிறது. சிசிடிவி பதிவு என்றார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "உள்ளே வேலை செய்யும் ஒருவர் கொடுத்தார். பெயரைச் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்." தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் பெரிய விஷயம். அதற்குமேல் கேட்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் காட்சியை அந்த அம்மாவின் பேச்சுக்கு அடுத்து வைத்திருந்தார்கள். இரண்டும் துண்டாகத் தெரிந்தன. "காலையில் டீ குடித்துவிட்டுத்தான் போனார்" என்ற அவருடைய கடைசி வாக்கியத்தைச் சிசிடிவி படத்தின் மேல் மூன்று நொடி ஓடவிட்டேன். தொகுப்பில் இது தினமும் செய்கிற வேலை. ஒரு காட்சியின் ஒலியை அடுத்த காட்சிக்குள் இழுத்துவிட்டால் பார்ப்பவர் மனம் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். தொட்டியில் விழுவது அவருடைய கணவர்தான் என்று படத்தில் யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று நொடி சொன்னது. அதைச் செய்தவன் நான்.

முன்னோட்டத் திரையிடல்

சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தின் மாடியறையில் திரையிட்டோம். முப்பது பேர் போல இருந்தார்கள். அந்த அம்மா தன் பதினான்கு வயது மகனோடும் கொழுந்தனாரோடும் வந்திருந்தார். படத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

விளக்குப் போட்டதும் சிலர் கைதட்டினார்கள். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்த அம்மா அழவில்லை. இயக்குநரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, கடைசியில் கை அசைந்ததே. அப்படியென்றால் அப்போது உயிர் இருந்ததா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "இறங்கிய உடனே போய்விட்டது என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் தூக்கியிருக்கலாமா?"

அந்தக் காட்சி நிஜம் என்று நம்பிக்கொண்டிருந்த நான், விசாரித்துச் சொல்கிறோம் என்று ஏதோ தொடங்கினேன். நேர்காணல் எடுத்த பெண் குறுக்கிட்டார். குரல் உடைந்திருந்தது. "அக்கா, அது உங்கள் வீட்டுக்காரர் இல்லை. எங்கள் கூடப் படித்தவன். நடித்தது."

அந்த அம்மா உடனே எழுந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் வெறுமையான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டு வருடமாக நான் அதைப் பார்க்காமல் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு மகனைத் தேடிக் கீழே போனார்.

அன்று இரவு: மூலக் கோப்புகள்

அன்று இரவே மூவரையும் கடைக்கு வரச்சொல்லி, கேமராவிலிருந்து வந்த எல்லாக் கோப்புகளையும் கேட்டு வாங்கினேன். காட்பாடிப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளையின் தண்ணீர்த் தொட்டியில் களிமண்ணைக் கரைத்துப் படம்பிடித்திருந்தார்கள். ஏழு முறை எடுத்திருந்தார்கள். நான்காவது முறை நண்பன் சிரித்துவிடுகிறான். ஏழாவதுதான் படத்தில் வந்தது.

தெரிந்துகொண்டு பார்த்தபோது குறைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. படம் மிக மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையில் பிடித்து எடுத்ததன் அடையாளம் அது. சுவரில் அறைந்த கேமரா மூச்சு விடாது. பார்வைக் கோணம் ஆள் உயரத்தில் இருந்தது, சிசிடிவி மேலிருந்து பார்க்கும். மங்கலுக்காகப் போட்ட புள்ளி இரைச்சல் தேதி எண்களின் மேலும் படிந்திருந்தது. உண்மையான பதிவுக் கருவி எண்களைப் படத்தின் மேல் பிற்பாடு பதிப்பதால் அவை பளிச்சென்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். மூலையில் நொடிகளோ சரியான வேகத்தில் ஓடின. இருபது வருடம் இந்த வேலை செய்பவன் இதில் ஒன்றையாவது முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் ஆறு நிமிடத்தைக் கேட்டபிறகு எதையும் சந்தேகப்படும் மனநிலையில் நான் இல்லை. உண்மைக்குப் பக்கத்தில் வைத்த பொய், அந்த உண்மையின் நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டது.

ஏன் செய்தார்கள்

இயக்குநரின் பதில் நேர்மையாக இருந்தது. "அந்த அக்கா பேசுவதை ஆறு நிமிடம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று பயந்துவிட்டோம். அதிர்ச்சியாக ஒன்று இருந்தால்தான் பார்ப்பார்கள்." எடுக்கும் முன் பழைய அதிர்ச்சி ஆவணப்படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறார். அவற்றில் மரணத்தைக் காட்டும் விதத்தைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். எவை நிஜம், எவை பொய் என்று அவருக்குத் தெரியவில்லை. 1980களின் கடைசியில் வாடகை வீடியோ டெக்கில் நண்பர்களோடு அந்த மாதிரி கேசட் ஒன்றைப் பார்த்தபோது எனக்கும் தெரியாது. ஒவ்வொரு காட்சியையும் நம்பினேன், ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அதனால் அன்று விடியும்வரை எனக்குப் பின்னால் தெரியவந்ததை அவர்களிடம் சொன்னேன்.

இந்த வகையைத் தொடங்கிவைத்தது 1962-ல் இத்தாலியில் ஜாக்கோப்பெட்டி, கவாரா, ப்ரோஸ்பெரி மூவரும் எடுத்த 'மோண்டோ கானே'. உலகின் பல மூலைகளிலிருந்து விசித்திரமும் கொடூரமுமான காட்சிகளைத் திரட்டி, அமைதியான பின்னணிக் குரலோடு கோத்த படம். கான் விழாவுக்குப் போனது. அதன் பாடல் ஒன்று ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நிஜமாகப் பிடித்ததும் கேமராவுக்காக நடத்தியதும் அதில் கலந்திருந்தன, பார்ப்பவர் பிரித்தறிய வழி இல்லை. ஜாக்கோப்பெட்டியும் ப்ரோஸ்பெரியும் எடுத்த அடுத்த பெரிய படமான 'ஆஃப்ரிக்கா அட்டியோ' 1966-ல் வந்தது. காங்கோவில் சுட்டுக்கொல்லும் காட்சியைக் கேமராவுக்கு வசதியாக ஏற்பாடு செய்தார்கள் என்ற குற்றச்சாட்டே எழுந்து இத்தாலியில் விசாரணை நடந்தது. ஜாக்கோப்பெட்டி விடுவிக்கப்பட்டார். ஆனாலும் யோசித்துப் பார்க்க வேண்டும்: அந்தப் படத்தைக் காப்பாற்ற, நாங்கள் எதையும் ஏற்பாடு செய்யவில்லை, நடந்ததைத்தான் எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

இளைஞர்கள் பார்த்திருந்த 'ஃபேசஸ் ஆஃப் டெத்' 1978-ல் வந்தது. அதில் மரணங்களை விளக்கும் நோயியல் மருத்துவர் ஒரு நடிகர். மேசையில் குரங்கின் மண்டையைத் திறந்து மூளையைச் சாப்பிடும் பேர்பெற்ற காட்சியில் இருந்தது காலிஃபிளவரும் நாடகத்துக்குப் பயன்படுத்தும் போலி ரத்தமும். ஆனால் அதே படத்தில் செய்திப் படங்களிலிருந்து எடுத்த உண்மை மரணங்களும் உண்டு. அவை நிஜ மனிதர்கள், அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. காலிஃபிளவருக்குப் பக்கத்தில் வைத்ததால் அந்த மரணங்களும் வேடிக்கைப் பொருளாகிவிட்டன. நம் படத்துக்கு மிக நெருக்கமான பாடம் அதுதான் என்று சொன்னேன்.

1980-ல் இத்தாலிய இயக்குநர் ருஜ்ஜேரோ தியோதாத்தோ எடுத்த 'கன்னிபால் ஹோலோகாஸ்ட்' கதைப்படம். காணாமல்போன ஆவணப்படக் குழுவின் கண்டெடுத்த பதிவு என்ற பாவனையில் எடுக்கப்பட்டது. நடிகர்கள் ஒரு வருடம் வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஒப்பந்தம். மிலானில் படத்தைப் பறிமுதல் செய்து, நடிகர்களைக் கொன்றுவிட்டார் என்ற சந்தேகம்வரை போனபிறகு, அவர்களை உயிரோடு கொண்டுவந்து காட்ட வேண்டியதாயிற்று. கழுவில் ஏற்றிய பெண் உண்மையில் இரும்புக் கம்பியில் பொருத்திய சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து, வாயில் ஒரு லேசான மரத்துண்டைப் பிடித்திருந்தார். நடிகர்களின் மரணங்கள் எல்லாம் பொய். விலங்குகளைக் கொன்றது நிஜம்.

"இவையெல்லாம் பணத்துக்காக எடுத்தவை அண்ணா. நாங்கள் நியாயத்துக்காகத்தானே எடுத்தோம்?" என்று ஒளிப்பதிவாளர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதிர்ச்சிக்காக இல்லாமல், குழந்தைகளுக்கு இயற்கையைச் சொல்லித்தர டிஸ்னி நிறுவனம் 1958-ல் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' பற்றிச் சொன்னேன். லெம்மிங் என்ற எலி போன்ற உயிரினம் கூட்டம் கூட்டமாகக் கடலில் விழுந்து சாவதாக அதில் ஒரு காட்சி. படம்பிடித்த கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கடலே இல்லை. லெம்மிங்குகளை வேறு இடத்திலிருந்து வாங்கிக் கொண்டுவந்து, சுழலும் மேடையில் ஓடவிட்டுப் பெரிய கூட்டம்போலக் காட்டி, ஆற்றங்கரை மேட்டிலிருந்து தள்ளியிருக்கிறார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் கனடா தொலைக்காட்சி அதை அம்பலப்படுத்தியபிறகும், லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் நால்வரும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்பது முதல் வேலை. இரண்டாவது, அவர் கேட்ட கேள்விக்குப் பதில். தொழில்சார் நோய்களை அறிந்த ஒரு மருத்துவரிடம் முன்னதாகப் பேசியிருந்தோம். அவர் விளக்கியதை அப்படியே சொன்னோம். தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தாலும், சேறு காற்றில்லாமல் தேங்கிக் கிடந்தாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. மிக அதிகமாக இருந்தால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பிவிடும். காப்பாற்ற இறங்கியவரும் அதே வேகத்தில் சாய்வதற்குக் காரணம் அதுதான். அவருடைய கணவருக்கு நிகழ்ந்தது இன்னதுதான் என்று நாங்கள் சொல்ல முடியாது. அந்தக் கையின் அசைவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு நிபந்தனைகள் வைத்தார். அந்தக் காட்சி இருக்கக் கூடாது. தன் பேச்சு இருக்க வேண்டும். "நான் பேசியதை எடுத்துவிட்டால் அதுவும் பொய் என்றாகிவிடும்."

காட்சியை எடுப்பதா, 'மறுஉருவாக்கம்' என்று எழுத்துப் போட்டு வைத்துக்கொள்வதா என்று நாங்கள் வெகுநேரம் விவாதித்திருந்தோம். இயக்குநர் பக்கமும் நியாயம் இருந்தது. கேமரா இல்லாத இடத்தில் நடந்ததை நடித்துக் காட்டுவது ஆவணப்படத்தில் புதிதல்ல. அமெரிக்க இயக்குநர் ஃபிளாஹர்ட்டி கனடாவின் இனூயிட் பழங்குடியினரைப் பற்றி 1922-ல் எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தில், பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாமல் பாதி வீட்டை மட்டும் கட்டி உள்ளே குடும்பம் உறங்குவதாகக் காட்டினார்கள். துப்பாக்கி பழகிவிட்டவர்களைப் பழைய ஈட்டியோடு வேட்டையாட வைத்தார்கள். அதற்காக அந்தப் படத்தை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை. ஆனால் அதில் வந்தவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்து நடித்தார்கள். இங்கே இறந்தவரிடமும் கேட்கவில்லை, அவர் மனைவியிடமும் கேட்கவில்லை. எழுத்துப் போட்டாலும் அதைப் படிப்பவர் ஒருமுறை படிப்பார். காட்சியை வெட்டிக் கைபேசியில் அனுப்புபவர் எழுத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார். அதனால் எடுத்துவிட வேண்டும் என்றேன். அந்த அம்மாவின் நிபந்தனைக்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

அந்த இடத்தில் பன்னிரண்டு நொடி கறுப்புத் திரை வைத்தோம். அதில் ஒரே வரி: 'இந்த மரணத்தைப் படம்பிடித்தவர் யாரும் இல்லை.' மூன்று நொடி ஒலியையும் வெட்டினேன். நுரைக் காட்சிக்கு மட்டும் ஒளிப்பதிவாளர் மறுபடியும் ஆற்றுக்குப் போனார். நுரையில் தொடங்கி, வெட்டே இல்லாமல் இரண்டு நிமிடம் கேமராவைத் திருப்பி, பாலத்தின் எண் பலகையில் முடித்தார். எந்த இடம் என்று யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னர் நடந்தவை

நான்காம் நாள் அந்த அம்மாவின் கொழுந்தனார் தொலைபேசியில் அழைத்தார். குடியாத்தத்து உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். அதே 38 நொடி. மேலே வேறொரு மாவட்டத்தின் பெயர். திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பே ஒளிப்பதிவாளர் அதைக் கல்லூரி நண்பர்கள் குழுவில் முன்னோட்டமாகப் போட்டிருந்தார். எங்களிடம் சொல்ல மறந்துவிட்டதாகச் சொன்னார். பயத்தில் மறைத்தார் என்றே நினைக்கிறேன்.

இனி அழிக்க முடியாது. தியோதாத்தோவுக்கு நேர்ந்ததுதான் வழி என்று தோன்றியது. நடித்த நண்பனை அதே சூளைக்கு, அதே சட்டையில் கூட்டிப்போனோம். அதே தொட்டியில் குப்புறப் படுத்தான். கை அசைந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "இது நான். படத்துக்காக நடித்தது. இதில் யாரும் சாகவில்லை. இதை நிஜம் என்று அனுப்பாதீர்கள்" என்றான். ஐம்பது நொடி. முதல் வீடியோ போன குழுக்களில் எங்களுக்குத் தெரிந்தவற்றுக்கெல்லாம் அனுப்பினோம். பொய்யின் வேகத்தில் அது போகவில்லை.

வழக்கிலும் அதன் பாதிப்பு இருந்தது. கழிவுநீர்க் குழாய்களிலும் தொட்டிகளிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து அந்த அம்மாவின் வழக்கறிஞர் வாதாடிக்கொண்டிருந்தார். சிசிடிவி பதிவு இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு, அதன் மூலப்பிரதியைத் தாக்கல் செய்யட்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. போலியான சான்றை உருவாக்கியதாக அந்த அம்மாமீதே பழி திரும்பும் நிலை. படம் எடுத்த விதத்தை எழுத்தில் கொடுத்து, ஏழு முறையும் எடுத்த மூலக் கோப்புகளையும் ஒப்படைத்தேன். பழி நீங்கியது, ஆனால் இரண்டு வாய்தாக்கள் வீணாயின. தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வாய்தா என்பது பஸ் செலவும் நான்கு நாள் கூலியும்.

படம் பதினேழு நிமிடமாக முடிந்தது. மூன்று ஊர்களில் திரையிட்டோம். இயக்குநர் பயந்ததுபோல் அந்த ஆறு நிமிடத்தில் யாரும் எழுந்து போகவில்லை. ஆம்பூரில் ஒருவர் மட்டும் எழுந்து, அந்த நுரை சோப்புத் தூள் இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். மீன் சங்கதி அவர் காதுக்குப் போயிருந்தது. பாலத்தின் எண்ணைச் சொன்னோம். நம்பினாரா என்று தெரியவில்லை.

இப்போது மாற்றியிருப்பவை

ஆவணப்படம் கொண்டுவருபவர்களிடம் இப்போது முதலில் மூலக் கோப்புகளைக் கேட்கிறேன். தொகுத்த வடிவத்தைப் பிறகுதான் பார்ப்பேன். பெயர் சொல்ல முடியாத ஒருவர் கொடுத்த காட்சி என்றால், அவர் பெயரை எனக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் அவர் கொடுத்த கோப்பை மாற்றாமல் அப்படியே காட்டுங்கள் என்கிறேன். மீன் விஷயத்தில் இருந்ததுபோல் ஒன்று பொய் என்று தெரிந்தால் அந்த ஒன்றை எடுத்துவிட்டு மேலே போவதில்லை, வேலையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கிறேன். ஒருவருடைய பேச்சை வேறொரு காட்சியின் மேல் ஓடவிடும்போது, இந்த இணைப்பு என்ன சொல்கிறது, அதை இவர் சொன்னாரா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்கிறேன். இறந்தவரைப் பற்றிய படம் என்றால் வேறு யாருக்கும் முன் குடும்பத்தார் தனியாகப் பார்க்க வேண்டும். இது இல்லாத படத்தை எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு பேர் இதனால் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் அந்த அம்மாவிடம் படித்துக்காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். மடியில் இருந்தது முருங்கைக் கீரை, அகத்தி என்று எழுதியிருந்தேன். வீடியோ இன்னும் வருகிறதா என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது அனுப்புகிறார்கள் என்றார். மகன் அந்த இன்னொரு வீடியோவை, அந்தப் பையன் எழுந்து உட்காரும் வீடியோவை, அவர் கைபேசியில் வைத்துக் கொடுத்திருக்கிறான். அனுப்பியவர் யாராக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.